மருந்துச் செலவும் மனித உயிரும்

தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவோர் அதிலே பல பத்திகளைக் காண்பர். பெரட்டுக்கு வந்தோர் தொகை, கொணர்ந்த பாலின் எடை, கொடுத்த சம்பளம், வாங்கிய மருந்து என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமுண்டு. மாத முடிவில் செலவு மிகுந்துவிட்டால், மேலிடத்தார் விரல் முதலில் சென்று நிற்பது மருந்துப் பத்தியின்மீதுதான். கிராணி வேலை பார்க்கும் நாம் இதனைப் பன்முறை கண்டிருக்கிறோம். ஆனால், மருந்து கொடாமையால் நேரும் நஷ்டத்தை எழுத அப்புத்தகத்தில் ஒரு பத்தியும் கிடையாது. இக்குறை இன்று நேற்று உண்டானதன்று. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் தோன்றிய நாள்தொட்டே இருந்து வருவது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் அழிந்து கித்தா மரங்கள் எழுந்தபோது, அவ்வேலைக்கென நம்மவர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி வந்தனர். வந்தவர்களை மலேரியாக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. காரணம் யாது? கூலிகள் அசுத்தமானவர்கள், சரியாக உண்ணாதவர்கள் என்றனர் துரைமாரில் பலர். காத்துக் கறுப்பு என்றும், தலைவிதி என்றும் சொல்லி நம்மவர் கைகட்டி நின்றனர். இரு சாராரும் உண்மையை அறிந்தாரில்லை. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் 1897-ஆம் ஆண்டிலேயே செகந்திராபாத்தில் கண்டு வெளியிட்டிருந்தார். உண்மை வெளிவந்த பின்னும், அது தோட்டத்து லயங்களை எட்டுவதற்குக் காலம் பிடித்தது.

1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேதான் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் பரவி, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. வாட்சன் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார். ஊரைச் சுற்றியிருந்த புதர்க்காட்டை அகற்றச் செய்தார். பலன் என்ன? 1901-இல் கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். 1902-இல் 59 பேர். 1903-இல் 46 பேர். ஏனைய நோய்களால் நேர்ந்த சாவும் கூடவே குறைந்தது. காய்ச்சலால் நலிந்த உடலைப் பிற நோய்கள் எளிதில் வீழ்த்தும் அன்றோ?

எனினும், ஓரிடத்தில் பலித்த முறை எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. மலைச்சரிவுத் தோட்டங்களில் காட்டை வெட்டி, ஓடைகளைத் திறந்துவிட்டபோது காய்ச்சல் பெருகிற்று. கடலோரத்துக் கொசு வேறு, மலைநாட்டுக் கொசு வேறு. பின்னது, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் முட்டையிடுவது. ஆதலால் அங்கே நீரை மண்ணுக்கடியில் குழாய்வழி செலுத்தவும், திறந்த ஓடைகளில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. அறியாமற் செய்த செலவு வீண். அறிந்து செய்த செலவோ உயிர்களையும் பணத்தையும் ஒருங்கே காத்தது.

இவ்வேலைகளுக்குத் தோட்ட முதலாளிமார் பணம் கொடுத்ததேன்? தயாளத்தால் மட்டுமென்று எண்ணிவிடலாகாது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, கப்பற் செலவுக்காக ஒவ்வொரு முதலாளியும் வரி செலுத்த நேர்ந்தது. 1910-இல் சஞ்சிக்கூலி முறை நிறுத்தப்பட்டது. அதன்பின் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தொழிலாளி வேறிடம் போகலாம். காய்ச்சல் தோட்டம் என்று பெயரெடுத்த இடத்திற்குக் கங்காணி எத்தனை ஆசை வார்த்தை கூறினும் ஆட்கள் வாரார். இறந்தவனுக்கு ஈடாக இன்னொருவனைக் கொணர்வதைவிட, இருப்பவனை உயிரோடு வைத்திருப்பது மலிவு என்பது புலப்பட்டது. 1911-இல் தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. தோட்டந்தோறும் டிரெஸ்ஸர் வந்தார். பெரட்டிலே கொயினா கொடுக்கப்பட்டது. சிறு தோட்டங்கள் பல சேர்ந்து ஒரே வைத்தியசாலையை நடத்தின. செலவைப் பகிர்ந்துகொள்ளும் இம்முறை மிக நல்லதே.

ஆனால், இலாபத்தை நம்பி நிற்கும் சுகாதாரம் இலாபத்தோடு சாயும். தோட்டங்களிடம் வரி பெற்று, வைத்தியசாலைகளையும் சுகாதார அதிகாரிகளையும் பொதுவில் ஏற்படுத்தும் பொருட்டு 1926-இல் சுகாதார வாரியச் சட்டம் நிறைவேறியது. செலவு மிகுதி என்று துரைமார் முறையிட்டனர். பின்னர் ரப்பர் விலை வீழ்ந்தது. 1925-இல் லண்டனில் ராத்தல் நான்கு ஷில்லிங்கிற்கு மேல் விற்ற ரப்பர், 1932-இல் இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கிற்று. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட நம்மவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆள் மலிந்த காலத்தில் ஆளைக் காக்கும் வாரியம் எதற்கு? அவ்வாரியமும் அவ்வீழ்ச்சியிலேயே மறைந்தது. கொசு மறைந்ததா? இல்லை. மறைந்தது தொழிலாளியின் விலையே.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. மருத்துவச் செலவைக் குறைக்க வழிகள் இரண்டு. நோயைக் குறைப்பது ஒன்று. மருந்தைக் குறைப்பது மற்றொன்று. கணக்கில் இரண்டும் ஒரே தொகையாகத் தோன்றலாம். முன்னது மிச்சம், பின்னதோ கடன். அக்கடனைத் தொழிலாளியின் மனைவி மக்கள் வட்டியோடு செலுத்துவர். ஆகவே இவற்றுள் எதைச் செய்வது என்னும் முடிவை முதலாளியின் மனம்போன போக்கில் விடலாகாது. சட்டமே அதற்குக் காவல் நிற்க வேண்டும். தொழில் விபத்துக்கும் உடல் இயலாமைக்கும் 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது இவ்வழியில் ஒரு படி. அயல்நாட்டுத் தொழிலாளரின் தொழில் விபத்துக்கும் அக்காப்பு 2019-இல் நீண்டது மற்றொரு படி.

நம் பாட்டன்மார் நின்ற பெரட்டில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நிற்கின்றனர். அவர்கள் பெயரை எழுதும் பேனா இப்போது நம்மவர் பலர் கையில் இருக்கிறது. மருந்துப் பத்தியில் கோடு கிழிக்குமாறு மேலிடம் சொல்லும்போது, நேயர்களே, 368 என்னும் எண்ணும் 59 என்னும் எண்ணும் நம் நினைவுக்கு வரட்டும். அவ்விரண்டிற்கும் இடையே நின்றது விதியன்று, ஒரு வாய்க்கால்.