நடுவில் இருக்கும் பஞ்சு

கனடாவில் துணிக்கடைக்காரர் 'பற்றிங்' என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு முதலில் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். குவில்ற் என்கிற பஞ்சுப்போர்வையின் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே வைக்கிற பஞ்சு விரிப்புக்கும் அதுதான் பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்று: தடியால் அடிப்பது. இயந்திரம் வராத காலத்தில் பஞ்சைப் பரப்பிவைத்துத் தடியால் அடித்துத்தான் இழை இழையாகப் பிரித்தார்கள். தமிழிலும் நாம் பஞ்சைக் கொட்டினோம். கொட்டுவது என்றாலும் அடிப்பதுதான். பெரிய வில்லைத் தோளில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக வந்து, நாணைப் பஞ்சுக்குள் அதிரவிட்டு, கட்டிபட்ட மெத்தையைப் புதிதாக்கிக் கொடுத்தவர்கள் தென்னிந்திய ஊர்களில் இருந்தார்கள்.

இரண்டு வயதாகப்போகும் என் பேத்திக்கு ஒரு பஞ்சுப்போர்வை தைக்கிறேன். மேல்துணி ஒரே மாலையில் முடிவாகிவிட்டது. நடுவில் எதை வைப்பது என்பது மூன்று மாதமாக இழுபட்டது. கடையில் பருத்தி, கம்பளி, பொலியெஸ்ரர், மூங்கில், பருத்தியும் பொலியெஸ்ரரும் கலந்தது என்று சுருள் சுருளாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். தேர்வு கூடினால் குழப்பமும் கூடும். அந்தக் குழப்பத்தில் நூலகத்துக்குப் போய், முன்பு இருந்தவர்கள் எப்படித் தேர்ந்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். அவர்களில் அநேகம் பேர் தேரவேயில்லை. கைக்கு அகப்பட்டதை வைத்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்க வீட்டில் பருத்தி என்றால் கொட்டையை விரலால் பிடுங்கவேண்டும். பிறகு கம்பிப் பல் வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே பஞ்சை இழுத்துச் சீவவேண்டும். ஒருமுறை சீவினால் பலகை அளவில் ஒரு சின்னத் துண்டுதான் வரும். அப்படிப் பல துண்டுகளை அடித்துணியில் ஓடு வேய்வதுபோலப் பக்கம் பக்கமாக அடுக்கி, மேல்துணியைப் போட்டுத் தைத்தார்கள். துண்டுக்கும் துண்டுக்கும் பிடிப்புக் கிடையாது. இடைவெளி விட்டுத் தைத்தால் முதல் தோய்ப்பிலேயே பஞ்சு முழுவதும் ஒரு மூலைக்குப் போய்விடும். அதனால் இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்கு ஒரு தையல் வரி போட்டார்கள். அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று நாம் வியக்கிற இறகு வடிவங்களும் அலைகளும் சதுர வலைகளும் இப்படி வந்தவைதான். அழகு பார்த்தார்கள், உண்மை. ஆனால் பஞ்சு ஓடிவிடும் என்ற பயம் அழகுக்கு முந்தியது.

பழைய போர்வையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிவதுண்டு. கொட்டைத் தூள். இப்படிப் புள்ளி தெரிந்தால் அந்தப் போர்வை 1793க்கு முந்தியது என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. எலை விற்னி கொட்டை நீக்கும் பொறியைச் செய்த ஆண்டு அது. காப்புரிமை அடுத்த ஆண்டு கிடைத்தது. பொறி வந்தபின் கொட்டை ஏது என்ற கணக்கு. இது பிழையான கணக்கு என்று போர்வை வரலாற்றாளர்கள் காட்டிவிட்டார்கள். பொறி எல்லாத் தூளையும் எடுப்பதில்லை. நல்ல பஞ்சு சந்தைக்குப் போனது, கழிவுப் பஞ்சு போர்வைக்குப் போனது. புள்ளி ஆண்டைச் சொல்லாது. அந்தப் பஞ்சு எந்தத் தரம் என்பதைச் சொல்லும்.

விற்னியின் பொறி கொட்டை பிடுங்கும் வேலையைக் குறைத்தது. பருத்தி எடுக்கும் வேலையைக் குறைக்கவில்லை, பன்மடங்காக்கியது. 1790இல் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள் ஏறக்குறைய 7 இலட்சம் பேர். 1860இல் ஏறக்குறைய 40 இலட்சம். அந்தக் காலப் போர்வைகளைத் தைத்தவர்களின் பெயர் சில வேளை ஓரத்தில் பூவேலையாக இருக்கும். உள்ளிருக்கும் பஞ்சை எடுத்தவர்களுக்குப் பெயர் இல்லை.

அலபாமாவில், அதே பெயருள்ள ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த நிலத்தில் ஜீஸ் பென்ட் என்ற ஊர் இருக்கிறது. அடிமைப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தோட்ட நிலத்தில் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட ஊர். 1932இல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்தபின், அவர் குடும்பத்தினர் கடனுக்காக மாடு, கலப்பை, தானியம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள். இங்கே பெண்கள் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. நவீன ஓவியம் போல இருக்கின்றன என்று விமர்சகர்கள் எழுதினார்கள். எல்லோரும் மேல்துணியைத்தான் பார்த்தார்கள். உள்ளே இருந்தது பருத்தி ஆலையின் தரையில் கூட்டியெடுத்த குப்பைப் பஞ்சு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தடியால் அடித்து அடித்து மண்ணையும் சருகையும் போக்கினார்கள். தாங்கள் வளர்த்த பயிரின் நல்ல பாகம் தராசுக்குப் போனபின், தங்கள் பிள்ளைகளின் குளிருக்கு மிஞ்சியது அதுதான். விமர்சகர்களைவிட அந்தத் தடிகளுக்குத்தான் நிறையத் தெரிந்திருக்கும்.

காசுள்ள வீடுகளுக்கு வேறு வழி திறந்தது. சின்சினாட்டியில் 1846இல் தொடங்கிய ஸ்ரேர்ன்ஸ் அன்ட் ஃபொஸ்ரர் நிறுவனம், பஞ்சு விரிப்பின் மேற்புறத்தில் மெல்லிய பசை பூசி, உதிராமல் ஒரே தாளாகச் சுருட்டி விற்றது. பிற்காலத்தில் உறைத்தாளிலேயே போர்வைக்கான வடிவமும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பஞ்சைவிட அந்த உறைத்தாளுக்காகவே வாங்கினார்கள் போல இருக்கிறது. இன்று சேகரிப்போர் தேடுவது அதைத்தான்.

வேல்ஸில் செம்மறி ஆடு. முள்வேலியில் சிக்கிக் கிடக்கும் கம்பளி மயிரைப் பொறுக்கிவந்து கழுவிச் சீவி வைத்தார்கள். அதுவும் இல்லாத வீட்டில் பழைய கம்பளத்தை உள்ளே வைத்தார்கள். ஒரு போர்வை நைந்துபோனால் அதையே அடுத்த போர்வையின் நடுவில் வைத்துத் தைப்பதும் வழக்கம். தையலைப் பிரித்தால் உள்ளே பாட்டியின் போர்வை இருக்கும்.

கந்தலுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. இங்கிலாந்தில் தெருவில் பொறுக்கிய கந்தலைக் கழுவாமலே இயந்திரத்தில் கிழித்துத் தூளாக்கி மெத்தைக்கும் தலையணிக்கும் அடைத்தார்கள். அதை நிறுத்த 1911இல் ஒரு சட்டம் வந்தது. எது சுத்தம் என்று எப்படி அளப்பது? 1912இல் வந்த விதி குளோரின் அளவைப் பார்த்தது. ஒரு இலட்சம் பங்குக்கு 30 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. வியர்வையிலும் சிறுநீரிலும் உப்பு உண்டு, உப்பில் குளோரின் உண்டு. யாரோ ஒருவருடைய உடம்பு அந்தக் கந்தலில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதற்கு அரசாங்கம் கண்டுபிடித்த அளவுகோல் இது.

ஒன்ராறியோவுக்கு வந்த புதிதில் தலையணியிலும் பொம்மைக் கரடியிலும் தொங்கிய சீட்டை நம்மில் பலர் வாசித்திருப்போம். உள்ளே இருப்பது புதுப் பொருள் மட்டுமே என்று அதில் எழுதியிருக்கும். அதுவும் இந்தப் பயத்தின் வழிவந்ததுதான். அந்தச் சீட்டுக்கான விதியை மாகாணம் 2019இல் நீக்கிவிட்டது.

எங்கள் ஊரில் தலையணிக்கு இலவம் பஞ்சு. காத்திருந்த கிளியை ஏமாற்றிய பஞ்சு அது. பேத்தியின் போர்வைக்கு அதை வைக்கலாமா என்று ஒரு யோசனை ஓடியது. சரிவராது. இலவ இழை கட்டை, வழுவழுப்பு, ஒன்றையொன்று பற்றாது. தையல் துளை வழியே பறந்துவிடும். ஆனால் இந்தக் குறையே அதை இன்னோர் இடத்தில் உயர்த்தியது. இழை உள்ளே குழாய்போல வெறுமை, வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஏறாது, மிதக்கும். அதனால் கடற்படைகளின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதை அடைத்தார்கள். பெரும்பகுதி ஜாவாவிலிருந்து போனது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றது.

மாற்றுக்கு அமெரிக்காவும் கனடாவும் தேடிப்பிடித்தது வேலியோரக் களை ஒன்றை. இங்கே மில்க்வீட் என்பார்கள். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும் செடி. கிள்ளினால் பால் வடியும், காய் வெடித்தால் பட்டுப்போன்ற பஞ்சு பறக்கும். பார்த்தவுடன் நமக்கு எருக்கு ஞாபகம் வரும். தாவரவியலிலும் இரண்டும் ஒரே குடும்பம். 1944 இலையுதிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் வெங்காயச் சாக்குகளோடு இறங்கினார்கள். இரண்டு சாக்குக் காய் ஓர் உயிரைக் காக்கும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. சாக்குகளை வேலிகளில் காயவிட்டு, மிச்சிகனில் பெற்றோஸ்கி என்ற ஊரில் இருந்த ஆலைக்கு அனுப்பினார்கள். ஒன்ராறியோப் பிள்ளைகளும் பொறுக்கினார்கள். ரொறன்ரோவின் ரயில் பாதை ஓரங்களில் இந்தச் செடியைக் கண்டால் இப்போது நின்று பார்க்கிறேன். தடுப்பூசி வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். சாக்கோடு வரிசையில் நின்ற பிள்ளைகளை நினைப்பது கடினமாக இல்லை.

அதே யுத்தத்தில் கனடாப் பெண்கள் இலட்சக்கணக்கான போர்வைகளைத் தைத்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள். குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்குப் போயின. மூலையில் சங்கத்தின் சின்னச் சீட்டு ஒன்று தைத்திருக்கும். தைத்தவர் யார் என்று அதில் இராது. வெறுங்கையோடு ஓடியவர்களுக்கு யாரோ தந்த போர்வை என்ன என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பொலியெஸ்ரரும் யுத்தகாலப் பிள்ளைதான். 1941இல் ஜோன் வின்ஃபீல்ட், ஜேம்ஸ் டிக்சன் இருவரும் அதை உருவாக்கினார்கள். அவர்கள் வேலைசெய்தது மான்செஸ்ரரின் கலிக்கோ பிரின்ரர்ஸ் அசோசியேஷனில். கலிக்கோ என்பது நம் கோழிக்கோட்டின் பெயர். கோழிக்கோட்டுப் பருத்தித் துணியின் பெயர் கொண்ட நிறுவனத்திலிருந்து பருத்திக்குப் போட்டி வந்தது. 1970களில் குவில்ற் மோகம் மறுபடி எழுந்தபோது எல்லோரும் பொலியெஸ்ரர் வைத்தார்கள். இலேசு, புசுபுசுவென்று உயரம், இயந்திரத்தில் தோய்க்கலாம், கை அகல இடைவெளி விட்டும் தைக்கலாம். சில ஆண்டில் தாடி முளைத்தது. இழைகள் மேல்துணியைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. தையற்காரர்கள் அதற்கு வைத்த பெயரே தாடி. தீயில் பருத்தி எரியும், பொலியெஸ்ரர் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி எளிதில் பற்றாது.

தீக்குப் பயந்து செய்த இன்னொன்றும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா பிள்ளைகளின் இரவு உடை தீப்பற்றக்கூடாது என்று விதித்தது. ஆலைகள் 'ரிஸ்' என்ற இரசாயனத்தைத் துணியில் ஏற்றின. 1977இல் புரூஸ் ஏம்ஸ், ஆர்லின் புளூம் என்ற இரு விஞ்ஞானிகள் அது மரபணுவைக் கெடுக்கக்கூடியது என்று எழுதினார்கள். அந்த ஆண்டே ரிஸ் ஏற்றிய பிள்ளை உடைகள் தடைசெய்யப்பட்டன. இதைப் படித்தபின், சுருளின் நுனியில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாடி போட்டு வாசிக்கிறேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொட்டிலில் போர்வையே வைக்காதீர்கள் என்று இங்கே வைத்தியர்கள் சொல்வதையும் மதிக்கிறேன். அதற்காகத்தான் இரண்டாவது பிறந்தநாள்வரை பொறுத்தேன்.

கம்பளியை மகள் மறுத்துவிட்டாள். "அம்மா, கிழமைக்கு ரண்டுதரம் சத்தி எடுக்கிறவள். சுடுதண்ணியிலை போட்டால் சுருங்கிப்போகும்." நியாயம்தான்.

என் அலுமாரியில் அம்மாவின் கைத்தறிப் பருத்திச் சேலை ஒன்று இருக்கிறது. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டுக் கைதடிப் பாலத்தால் நடந்தபோது அவர் கொண்டுவந்த பையில் இருந்தது. உடுத்து உடுத்து வேட்டிபோல மென்மையாகிவிட்டது. நாங்கள் பிறந்தபோது எங்களைக் கிடத்தியதும் இப்படி நைந்த துணியில்தான்; புதுத்துணி பிள்ளைக்கு உறுத்தும் என்பார் அம்மா. வங்காளத்துக் காந்தாவில் பஞ்சே கிடையாது, பழைய சேலைகளை அடுக்கித் தைத்தே போர்வையாக்குகிறார்கள். ஐந்தரை மீற்றர் சேலையை 120 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வெட்டினால் நாலு அடுக்கு வரும், முந்தானை மிஞ்சும். ரொறன்ரோக் குளிருக்கு அது போதாது. ஆகவே இரண்டு அடுக்குச் சேலை, அவற்றுக்கு நடுவே கலப்பில்லாத மெல்லிய பருத்தி விரிப்பு. அதற்கு முதல் தோய்ப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுருக்கம் வரும், சேலைக்கு இனிச் சுருங்க ஒன்றுமில்லை. அதனால் விரிப்பை முன்கூட்டியே தண்ணீரில் நனைத்துக் காயவைத்தேன். தையல் வரிகளை மூன்று விரல் இடைவெளியில் போடுகிறேன்.

வெட்டவேண்டுமா என்று மகள் கேட்டாள். கத்தரிக்கோலை நான் முதல்நாளே தீட்டி வைத்துவிட்டேன். மிஞ்சுகிற முந்தானை அவளுக்கு.