கையுறைத் தூளும் மருத்துவமனை ஆஸ்துமாவும்

மருத்துவமனை ஊழியர்களைப் பணியின் காரணமாகப் பீடிக்கும் ஆஸ்துமாவின் வரலாற்றில் ரப்பர் கையுறைக்குத் தனியிடம் உண்டு. ஊழியரின் கையைக் காக்க வந்த பொருளே நூறாண்டுகளுக்குள் அவரது மூச்சைத் தடுக்கும் பொருளாகவும் மாறியது.

1889-90இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமிநீக்கியான மெர்குரிக் குளோரைடு கரைசலால் கைத்தோல் புண்ணாகித் துன்புற்ற செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்காக, அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் நிறுவனத்திடம் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். அவை நோயாளிக்குக் கிருமித்தொற்று ஏற்படுவதையும் குறைத்ததால், அறுவைக்கூடங்களில் விரைவில் நிலைபெற்றன. கை எளிதில் நுழைவதற்காக அவற்றில் லைக்கோபோடியம் என்னும் பூவாத் தாவரத்தின் வித்துத்தூளும், பின்னர் டால்க்கும் தூவப்பட்டன. இவை வயிற்றறைக்குள் விழுந்தால் சிறு கட்டிகளும் உறுப்பு ஒட்டல்களும் உண்டாவது தெரிந்தபின், 1940களிலிருந்து சோளமாவு அவற்றின் இடத்தைப் பிடித்தது.

அந்தச் சோளமாவே ஊழியருக்கு ஆபத்தானது. ரப்பர் பாலில் இயல்பாக உள்ள புரதங்கள், தயாரிப்பின்போது போதிய அளவு அலசப்படாவிட்டால் கையுறையிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றை உறிஞ்சிக்கொள்ளும் மாவு, கையுறையை மாட்டும்போதும் கழற்றும்போதும் காற்றில் பரவுகிறது. அதைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலரது உடலில், ஒவ்வாமைக்குக் காரணமான இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் எதிர்ப்பொருள் உருவாகிறது. அதன்பின் மிகச் சிறிதளவு தூளும் மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்து, இளைப்பையும் இருமலையும் வரவழைக்கிறது. விடுப்பு நாட்களில் தணிந்து, பணிக்குத் திரும்பியதும் மீள்வது இந்நோயின் முக்கிய அடையாளம்.

1987இல் எச்.ஐ.வி. அச்சத்தின் பின்னணியில், எல்லா நோயாளிகளின் குருதியையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டியதும் கையுறைப் பயன்பாடு பன்மடங்கு பெருகியது. அதனுடன் ஒவ்வாமையும் பெருகியது. ஜெர்மனி 1990களின் பிற்பகுதியிலேயே தூளற்ற, புரதம் குறைந்த கையுறைகளுக்கு மாறியதால் அங்கே புதிய நோயாளிகளின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது. அமெரிக்காவிலோ 1997இல் தொழில்நல ஆய்வு நிறுவனம் எச்சரித்தும், தூளிட்ட கையுறைகளுக்கான தடை 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த இருபதாண்டுத் தாமதத்தை அறியாமையின் கணக்கில் எழுத இயலாது.

உள்நோக்குக் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் குளூட்டரால்டிஹைடின் கதையும் இத்தகையதே. அதன் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்குவது உறுதியானபின் மாற்றாக வந்த ஆர்த்தோ-தாலால்டிஹைடும் ஒவ்வாமை விளைவிப்பது பின்னர் தெரியவந்தது. தரையையும் படுக்கைகளையும் துடைக்கும் குளோரின் கரைசல்களும், குவாட்டர்னரி அம்மோனியச் சேர்மங்களும் இன்றும் துப்புரவாளர்களையும் செவிலியர்களையும் பாதிக்கின்றன.

நோயுற்ற ஊழியரை வேறு பிரிவுக்கு மாற்றுவதைவிட, நோய் தரும் பொருளையே மாற்றியதுதான் பெரும்பயன் அளித்தது என்பதே கையுறையின் வரலாறு காட்டும் உண்மை. ஆகவே மருத்துவமனை எதை வாங்குவது என்று முடிவுசெய்யும் இடத்தில், ஊழியரின் நுரையீரல் நலம் விலைக்கு நிகராக எடைபோடப்பட வேண்டும்.