மாரிக்கு மோட்டார் சைக்கிள் சப்பாத்து: வன்னி வீதிக்கு எது பொருந்தும்?

மாரி தொடங்கிவிட்டால் ஸ்கந்தபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களில் பலரின் காலில் பாட்டாச் செருப்புத்தான் இருக்கும். சப்பாத்து பொலித்தீன் பைக்குள் இருக்கும். அலுவலக வாசலில் கால் கழுவி மாற்றிக்கொள்வார்கள். சப்பாத்து பழுதாகாது என்பது சரிதான். ஆனால் கவனிக்க வேண்டியது காலை.

கிறவல் வீதியில் பள்ளத்தைத் தவிர்க்க வேகத்தைக் குறைத்துக் கால் ஊன்றும் கணத்தில்தான் பாட்டா வழுக்கும், வார் கழரும். சூடான சைலன்சரில் கால் படுவதும் அப்போதுதான். தேங்கிய வெள்ளத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் நெடுநேரம் ஊறிய தோல் வழியாகவும் உள்ளே போகும். வயலில் இறங்குபவருக்கு மட்டும் வரும் நோய் அல்ல அது.

கடையில் 'வோட்டர்புரூஃப்' என்று சொல்லித் தரும் சப்பாத்துகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மேற்பகுதிக்குத் தண்ணீர் ஒட்டாத பூச்சு மட்டும் இருக்கும். ஒரு மாரியிலேயே அது தேய்ந்துபோகும். மற்றதில் துணிக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய சவ்வு வைத்திருப்பார்கள். 1969இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட கோர்டெக்ஸ் இதில் பெயர்போனது. மழைத்துளியை உள்ளே விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும். குளிர்நாட்டில் அருமையான பொருள். எங்கள் புழுக்கத்தில் ஆவி அவ்வளவு சுலபமாக வெளியேறாது. வெள்ளம் கணுக்காலுக்கு மேலே வந்து வாய்வழியாக உள்ளே இறங்கிவிட்டால் அதே சவ்வு தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். காய இரண்டு நாளாகும். ஆகவே, வான் பாயும் இடங்களைக் கடந்து போகிறவருக்குச் சவ்வுச் சப்பாத்தைவிட, நனைந்தாலும் ஓரிரவில் காயும் சப்பாத்தே நல்லது என்பேன். தார் வீதியில் மழையும் தெறிப்பும் மட்டும்தான் என்றால் சவ்வு பயன்படும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது முதலில் உயரம். கணுக்கால் எலும்பை மூட வேண்டும். அடுத்து நாக்கு. அது இரு பக்கமும் மடிப்பாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் கட்டும் இடத்தால் தண்ணீர் புகும். அடிப்பாகத்தின் பற்கள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் களி உதிரும். நெருக்கமான பற்களில் அப்பிக்கொண்டு நிற்கும். முன்பகுதி மிகத் தடித்தால் கியர் லீவருக்குக் கீழே கால் நுழையாது. கடை வாசலில் நிற்கும் சைக்கிளில் ஏறி ஒருமுறை மாற்றிப் பார்த்தே வாங்க வேண்டும். நூலின் நுனியை உள்ளே செருக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். தொங்கும் நூல் கியர் லீவரில் சிக்கினால் கால் ஊன்ற முடியாமல் சைக்கிளோடு சரிய வேண்டியதுதான்.

மோட்டார் சைக்கிள் காலணிக்கென்றே ஐரோப்பாவில் ஈஎன் 13634 என்ற தரம் உண்டு. உராய்வு, வெட்டு, பக்கவாட்டு நசிவு ஆகியவற்றைச் சோதித்துத் தருவார்கள். அத்துடன் 'டபிள்யூ ஆர்' என்ற எழுத்துகளும் இருந்தால் நீர் புகாமைக்கும் சோதித்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கடைகளில் இதைத் தேடுவது வீண் அலைச்சல். கிட்டத்தட்ட நிகரானது, ஹாட்வெயார் கடையில் கட்டடத் தொழிலாளருக்கு விற்கும் எஸ்3 குறியிட்ட பாதுகாப்புச் சப்பாத்து. ஆணி குத்தாத அடிப்பாகம், தண்ணீரை எளிதில் உறிஞ்சாத மேற்பகுதி இரண்டும் அதில் உண்டு. முழுச் சப்பாத்தும் நீர்புகாதது என்று அர்த்தமில்லை. விரல் மூடி இரும்பாக இல்லாததைக் கேட்டால் பாரம் குறையும். கம்பூட்ஸ் வயலுக்கு நல்லது. ஓடும்போது கியர் பிடிபடாது, விழுந்தால் காலைவிட்டுக் கழன்றும் போகும்.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் பூட்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே கம்பளி வைத்த பனிக்காலப் பூட்ஸ் இங்கே உதவாது. அமெரிக்க, கனடா அளவுகளில் ஆண்களுடையது எங்கள் கடை அளவைவிட ஏறக்குறைய ஒன்று கூடுதலாக இருக்கும். எட்டுப் போடுகிறவர் ஒன்பது என்று சொல்ல வேண்டும். பொலியூரேத்தேன் அடிப்பாகம் போடாமலே வைத்திருந்தாலும் ஈரக்காற்றில் மெல்ல உக்கி, ஒருநாள் கேக் மாதிரி உதிரும். பெட்டியில் பல வருடம் கிடந்த 'புதுச் சப்பாத்து' மலிவாகக் கிடைத்தால் அடிப்பாகத்தை வளைத்து, நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

செல் துண்டு பட்டு நரம்பு பாதித்த காலுள்ளவர்களும் நீரிழிவால் காலில் உணர்வு குறைந்தவர்களும் எங்கள் ஊர்களில் குறைவில்லை. சப்பாத்து கடிப்பது இவர்களுக்குத் தெரியாது. தழும்பின் மேல் தையல் வராததைத் தேர்ந்து, போடுமுன் கையை விட்டுத் தடவிப் பார்த்து (தேள் இருந்தாலும் தெரியும், ஆகவே முதலில் தட்டிவிட்டு), இரவில் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். செயற்கைக்கால் போட்டவர் குதியின் உயரத்தை மாற்றக்கூடாது. கால் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்கே சீர்செய்யப்பட்டிருக்கும். அரை அங்குலம் கூடினாலும் முழங்கால் முன்னே தள்ளும். புதுச் சப்பாத்தை, கால் செய்து தந்த நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுப் போடுவதே பாதுகாப்பு.

மழைக் காற்சட்டையின் கால் சப்பாத்துக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் தண்ணீர் நேரே பாதத்துக்கு வரும். நனைந்ததை அடுப்படியில் வைத்தால் பசை விட்டுப்போகும். பழைய பத்திரிகைத்தாளை உள்ளே திணித்து, ஈரமானதும் மாற்றி, காற்றில் விட்டால் போதும். ஃபுட்றெஸ்ட் றப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது சறுக்கினால் எந்தச் சப்பாத்தும் நிற்காது.