பாப் சோதனை: புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரிடம் நோய் மீண்டும் தலைகாட்டுகிறதா என்று அறிய, கருப்பைவாயிலிருந்தோ, கருப்பை அகற்றப்பட்டிருந்தால் யோனியின் மேல்முனைத் தையல் பகுதியிலிருந்தோ செல்களைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனை (ஸ்மியர்). ஜார்ஜ் பாபனிக்கோலா, ஹெர்பர்ட் டிராட் இருவரும் 1943இல் நூலாக வெளியிட்ட முறையே இதன் அடிப்படை. புற்றுக்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுபிடிப்பதில் பெருவெற்றி பெற்ற இம்முறை, மீள்நோயைப் பிடிப்பதில் அவ்வளவு கைகொடுப்பதில்லை. மீள்நோய் பெரும்பாலும் முதல் 2–3 ஆண்டுகளில் வருகிறது. இடுப்புக்குழிச் சுவர், நிணநீர்க் கணுக்கள், நுரையீரல் என ஸ்மியர் எட்டாத இடங்களிலும் தோன்றும்.

கதிர்வீச்சு பெற்றவரிடம் சிக்கல் கூடுகிறது. கதிர்பட்ட செல்கள் பருத்து, சைட்டோபிளாசத்தில் குமிழிகளும் ஒன்றுக்கு மேற்பட்ட உட்கருக்களும் கொண்டு, ஆண்டுகள் கழிந்தும் புற்றுச்செல் போலத் தோற்றமளிக்கலாம். ஆகவே ஸ்லைடுடன் சிகிச்சை விவரத்தையும் ஆய்வகத்துக்கு எழுதியனுப்ப வேண்டும்.

முதல் 2 ஆண்டுகளில் 3–6 மாதத்துக்கு ஒருமுறை இடுப்புப் பரிசோதனையும், ஸ்மியர் எடுப்பதானால் ஆண்டுக்கு ஒருமுறையும் பொதுவான நடைமுறை. இரத்தக்கசிவு, ஒரு கால் வீக்கம், தீராத இடுப்புவலி இருந்தால், ஸ்மியர் இயல்பென வந்தாலும் ஸ்கேன், திசு ஆய்வு தேவைப்படும்.