போடறதுக்கு முன்னாடி கேட்டாங்களா?

இந்த எபிசோடைக் குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் பதிவு செய்தேன். நடுவில் ஃப்ளைட் சத்தமும் பீச் போகிற எலக்ட்ரிக் ட்ரெயின் சத்தமும் வந்தது. ஆடியோவில் சகித்துக்கொண்டவர்களுக்கு நன்றி, எழுத்தில் படிப்பவர்கள் தப்பித்தீர்கள்.

இந்த முறை காப்பர்-டி பற்றிப் பேசப் போகிறோம். ஆமாம், கர்ப்பப்பைக்குள் வைக்கிற அந்தச் சின்னக் கருவிதான். கொஞ்சம் பர்சனலாகத்தான் தொடங்கியாக வேண்டும்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று நானும் அவரும் முடிவு செய்திருக்கிறோம். தினமும் மாத்திரை போடுவது எனக்குச் சரிப்படாது. ரிலீஸ் வாரத்தில் சாப்பாட்டையே மறக்கிற ஆள் நான். அதனால் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார், குறைந்தபட்சம் "ஒரு குழந்தை பொறந்தப்புறம் பாத்துக்கலாம்டி" என்பார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"போடறதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டாங்களா?"

"கேக்காம எப்படிம்மா போடுவாங்க?" என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப்போனதுதான் இந்த எபிசோட்.

முதலில் பின்னோக்கிப் போவோம். கருத்தடை என்றதும் டெல்லி, சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்" எல்லாம் ஞாபகம் வரும். ஆனால் இந்தியாவில் இந்தப் பேச்சு ரொம்ப முன்னாடியே சூடுபிடித்த ஊர்களில் ஒன்று நம்ம மெட்ராஸ். 1882லேயே இங்கே 'இந்து மால்தூசியன் லீக்' என்று ஒரு சங்கம் இருந்தது. 1928ல் 'மெட்ராஸ் நியோ-மால்தூசியன் லீக்' தொடங்கியது. உயர் நீதிமன்ற நீதிபதி வேபா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் அதில் இருந்தார்கள். மால்தஸ் பெயர் வருவதிலிருந்தே அவர்கள் கவலை என்ன என்று புரிந்துவிடும்: ஜனத்தொகை பெருகுகிறது, சோறு போதாது, நாடு தாங்காது.

அதே காலகட்டத்தில் பெரியாரும் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமைக்காக, குடும்பச் சொத்து துண்டுபடாமல் இருப்பதற்காகக் கர்ப்பத்தடை கேட்கிறார்கள். நாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று அவர் தெளிவாகவே பிரித்துக் காட்டினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' புத்தகத்தில் கர்ப்பத்தடைக்கென்று ஒரு கட்டுரையே இருக்கிறது.

இந்த இரண்டு காரணங்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நாட்டுக்காக எண்ணிக்கையைக் குறைப்பது. இன்னொன்று, ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுப்பது. கருவி ஒன்றாகவே இருந்தாலும், யாருடைய காரணத்துக்காக அது உள்ளே போகிறது என்பதைப் பொறுத்துக் கதை மாறிவிடும்.

சரி, கருவிக்கு வருவோம். கர்ப்பப்பைக்குள் ஒரு பொருளை வைத்தால் கர்ப்பம் தங்காது என்பதை நவீன மருத்துவத்தில் பிரபலமாக்கியவர் ஜெர்மன் டாக்டர் எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க். 1920களின் இறுதியில் அவர் வைத்தது வெள்ளிக் கம்பி வளையம். தொற்று வரும் என்ற பயத்தில் டாக்டர்கள் பலர் அதை ஒதுக்கிவிட்டார்கள். 1962ல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தைச் சேர்ந்த டாக்டர் ஜாக் லிப்பீஸ், வளைந்து வளைந்து போகிற பிளாஸ்டிக் கருவி ஒன்றை அறிமுகப்படுத்தினார். அதுதான் லிப்பீஸ் லூப். நம்ம பாட்டிமார் காலத்தில் இதற்கு வெறும் 'லூப்' என்றே பெயர். பிறகு காப்பர்-டி வந்த பிறகும் சிலர் அதையும் "லூப்பு போட்டுக்கிட்டேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியா 1952லேயே அரசுத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கிவிட்டது. ஆனால் பத்து வருஷமாகியும் பெரிய பலன் இல்லை. அந்த நேரத்தில் லூப் வந்தது அதிகாரிகளுக்கு வரப்பிரசாதம் மாதிரி. விலை மலிவு. ஒரு தடவை வைத்தால் போதும். தினமும் யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். நான் காப்பர்-டி கேட்டதும் இதே காரணத்துக்குத்தான். வித்தியாசம் என்னவென்றால், எனக்கு ஞாபகம் இருக்காது என்று முடிவு செய்தது நான். அப்போது கோடிக்கணக்கான பெண்களுக்கு ஞாபகம் இருக்காது என்று முடிவு செய்தது அரசு.

1965ல் லூப் நாடு முழுவதும் அறிமுகமானது. கான்பூரில் அதற்கென்றே ஒரு தொழிற்சாலை வந்தது. அந்த வருஷங்களில்தான் மழை பொய்த்து, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நாடு எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. ஜனத்தொகையைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி வெளியிலிருந்தும் இருந்தது, உள்ளேயும் இருந்தது. 1966ல் மத்திய அரசு ஒவ்வொரு லூப்புக்கும் 11 ரூபாய், ஆண்களுக்கான வாசெக்டமிக்கு 30 ரூபாய், பெண்களுக்கான அறுவை சிகிச்சைக்கு 40 ரூபாய் என்று மாநிலங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது.

நம்மில் பலருக்கு ஆபீசில் கேபிஐ இருக்கும். மாதக் கடைசியில் டாஷ்போர்டில் எண் பச்சையாகத் தெரிய வேண்டும். எண் மட்டும்தான் கணக்கு என்றால், வேலை செய்கிறவர் எண்ணுக்காகத்தான் வேலை செய்வார். லூப் திட்டத்தில் நடந்தது அதுதான். எத்தனை பேருக்கு வைத்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். வைத்த பிறகு அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்பதற்குக் காலமே இல்லை.

லூப் வைத்தால் மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகும், வயிற்று வலி வரும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சிலருக்குக் கருவி தானாகவே வெளியே வந்துவிடும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லவும், பிறகு பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். கிராமங்களில் பெண் டாக்டர்களே குறைவு, முகாம் போட்டு வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வருவது இல்லை. முதல் வருஷம் சுமார் 8 லட்சம், அடுத்த வருஷம் சுமார் 9 லட்சம் என்று ஏறிய எண், 1967-68ல் 7 லட்சத்துக்கும் கீழே இறங்கிப் பிறகு சரிந்துகொண்டே போனது. லூப் என்றாலே பயம். வதந்தியால்தான் திட்டம் கெட்டது என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் மூன்று வாரமாக ரத்தப்போக்கோடு படுத்திருப்பதைப் பார்ப்பது வதந்தி இல்லையே.

லூப் தோற்றதும் அரசின் கவனம் அறுவை சிகிச்சை பக்கம் திரும்பியது. வைத்ததை எடுத்துவிடலாம், ஆபரேஷனை எடுக்க முடியாது. எண்ணிக்கைக்கு அது இன்னும் பாதுகாப்பு. அதன் உச்சம் எமர்ஜென்சி. 1976-77 ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள், பெரும்பாலானவை ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அடுத்து வந்த தேர்தலில் இந்திரா காந்தியின் ஆட்சி போனது. அதன்பிறகு ஆண்கள் பக்கம் போக அரசுகள் பெரும்பாலும் தயங்கின. சுமையின் பெரும்பகுதி பெண்கள் மேல் வந்து விழுந்தது.

இதற்கிடையில் கருவியும் மாறியது. 1960களின் கடைசியில் டாக்டர் ஹோவர்ட் டேட்டம் கர்ப்பப்பையின் வடிவத்துக்குப் பொருந்துகிற 'டி' வடிவத்தைக் கொண்டுவந்தார். சிலி நாட்டு டாக்டர் ஹைமே சிப்பர், செம்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்யும் என்று காட்டினார். இரண்டும் சேர்ந்ததுதான் காப்பர்-டி. லூப்பை விடச் சின்னது, தொல்லையும் குறைவு. 1970களில் இந்தியாவுக்கும் வந்தது.

கருவி மேம்பட்டது. பழக்கம் மேம்பட்டதா?

1995ல் அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் பிரசவம் பற்றி ஆய்வு செய்யத் தமிழ்நாடு வந்தார். சென்னையிலும், ஈ.சி.ஆர். பக்கம் கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் ஏழைப் பெண்களோடு பேசினார். அரசு மகப்பேறு வார்டுகளில் பிரசவமோ கருக்கலைப்போ முடிந்த கையோடு காப்பர்-டி வைப்பது வழக்கமாகவே இருந்தது என்று அவர் பதிவு செய்தார். பல பெண்களிடம் சம்மதம் கேட்கவில்லை. சிலருக்குத் தங்களுக்குள் அது இருப்பதே தெரியாது.

அதே 1995ல்தான் தமிழ்நாடும் கேரளமும் 'இத்தனை பேருக்கு இந்த முறை' என்ற இலக்குகளைக் கைவிட்டன. முந்தைய வருஷம் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மாநாடு, எண்ணிக்கையை விடப் பெண்ணின் உரிமையும் நலமும்தான் முக்கியம் என்று சொல்லியிருந்தது. 1996 ஏப்ரலில் இந்தியா முழுவதும் அந்த இலக்குகள் போயின. காகிதத்தில் போனது. வார்டில் ஊறிய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

1996. நான் பிறந்த வருஷம்.

இதைப் படித்துவிட்டு அம்மாவிடம் திரும்பப் போனேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "நீ பொறந்து எட்டு மாசம். வயித்து வலி, தீட்டு நிக்கவே நிக்கல. வேற ஒரு லேடி டாக்டரம்மாகிட்ட போனேன். உள்ள காப்பர்-டி இருக்கேம்மா, உனக்குத் தெரியாதான்னு கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்?" பிரசவம் பார்த்த இடத்துக்கே போய் எடுத்துவிடச் சொன்னாராம். "இருக்கட்டும், நல்லதுதானே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் காசு கொடுத்து வெளியே எடுத்துக்கொண்டார். தம்பி பிறந்ததும் நேராகக் கு.க. ஆபரேஷன். "அதை மறுபடி உள்ள வெக்கிறதுக்கு ஆபரேஷனே மேல்னு தோணிச்சு."

அப்பாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவர்கிட்ட என்னன்னு சொல்றது?" என்றார். இருபத்தொன்பது வருஷம் கழித்து முதல்முறையாக என்னிடம்தான் சொல்கிறார்.

தமிழ்நாட்டின் சாதனை உண்மை. 1990களிலேயே நம் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள் என்ற அளவுக்கு வந்துவிட்டது. கல்வி, சத்துணவு, ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்த கிராஃபை நாம் பெருமையாகக் காட்டும்போது, கேட்காமல் வைக்கப்பட்டவர்களும் அதே கோட்டில்தான் இருக்கிறார்கள்.

விளைவு இன்றும் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கர்ப்பப்பைக் கருவி வைத்திருப்பவர்கள் 2.1 சதவீதம். தமிழ்நாட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பாதிக்கும் மேல். திரும்ப எடுக்கக்கூடிய ஒரு நல்ல முறை இருந்தும், நம் அம்மாக்கள் பெரும்பாலும் திரும்பவே முடியாத முறைக்குத்தான் போனார்கள். காரணங்கள் பல. ஆனால் நம்பிக்கை உடைந்ததும் அதில் ஒன்று என்று எனக்கு எங்கள் வீட்டிலேயே தெரிந்துவிட்டது.

இப்போது நிலைமை என்ன? 2002லிருந்து அரசுத் திட்டத்தில் இருப்பது காப்பர்-டி 380ஏ. 10 வருஷம் வரை வேலை செய்யும், அரசு மருத்துவமனைகளில் இலவசம். முதல் வருஷத்தில் 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் கர்ப்பம் தரிக்கிறார்கள். எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பும். குழந்தை பெறாதவர்களும் வைத்துக்கொள்ளலாம். முதல் சில மாதங்கள் ரத்தப்போக்கும் வலியும் கூடலாம், சிலருக்கு நழுவி வெளியே வரலாம், பால்வினை நோய்களிலிருந்து இது காப்பாற்றாது. ரத்தசோகையோ தொற்றோ இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவம் முடிந்து 48 மணி நேரத்துக்குள் வைக்கிற திட்டமும் இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பதுதான் அரசின் விதி. பிரசவ வலியில் இருப்பவர் "உம்" கொட்டுவது சம்மதம் இல்லை.

என் டாக்டர் அரை மணி நேரம் பேசினார். கருவியைக் கையில் கொடுத்துக் காட்டினார். "பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் வாங்க, எடுத்துடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை" என்றார். எங்கள் வேலையில் ரோல்பேக் இல்லாமல் எதையும் ப்ரொடக்‌ஷனில் ஏற்ற மாட்டோம். உடம்புக்கு அதைவிடக் குறைவாக எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்?

போன வியாழக்கிழமை வைத்துக்கொண்டேன். அம்மாவும் கூட வந்தார். உள்ளே போவதற்கு முன்னால் சம்மதப் படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். பிறகு பேனாவோடு என்னிடம் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.