ஆங்கிலப் பார்ட்டிசிபிள்கள் வந்த வழி

வினையின் பொருளை உணர்த்திக்கொண்டே பெயருக்கு அடையாகவும் நிற்கவல்ல சொல்வடிவத்தை ஆங்கில இலக்கணம் பார்ட்டிசிபிள் என்கிறது. நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டும் 'ரைட்டிங்' நிகழ்கால வடிவம். முடிந்த செயலையோ செயலுக்கு உள்ளானதையோ காட்டும் 'ரிட்டன்' இறந்தகால வடிவம். தமிழின் பெயரெச்சமும் வினையெச்சமும் செய்யும் பணி பலவற்றை இவ்விரண்டும் செய்கின்றன. பெயருக்கும் வினைக்கும் பொதுவானது என்பதால் கிரேக்க இலக்கணிகள் இதைத் தனிச் சொல்வகையாகவே வைத்தனர். அம்மரபு லத்தீன் வழியாக இங்கிலாந்தை அடைந்தபோது, கி.பி. 1000-ஐ ஒட்டி லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்திலேயே எழுதிய ஏல்ஃப்ரிக் என்னும் துறவி, இதைக் குறிக்கத் தம் மொழியிலேயே ஒரு பெயரை ஆக்கிக்கொண்டார்.

ஏல்ஃப்ரிக் காலத்து ஆங்கிலத்தில் நிகழ்கால வடிவத்தின் ஈறு 'எண்டெ' என்பதாகும். இன்றைய 'இங்' அக்காலத்தில் தொழிற்பெயர் ஈறாக, அதாவது எழுதுதல், ஓடுதல் என்பனபோலச் செயலுக்குப் பெயராகும் சொற்களின் ஈறாக மட்டுமே இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் தென்பகுதிப் பேச்சில் இரண்டு ஈறுகளும் ஒலியால் நெருங்கி ஒன்றாகக் கலந்தன. வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் 'அண்ட்' என்னும் பழைய ஈறு மேலும் சில காலம் தாக்குப்பிடித்தது. 'ரைட்டிங்' ஓரிடத்தில் தொழிற்பெயராகவும் வேறோரிடத்தில் எச்சமாகவும் நின்று மாணவரை இன்றும் தடுமாறவைப்பது இந்தக் கலப்பினால்தான்.

இறந்தகால வடிவத்தின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. எழுது என்னும் வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் 'வ்ரீட்டன்' என்பது மூல வடிவம். ஒருவர் எழுதியதைச் சொல்ல 'வ்ராட்', பலர் எழுதியதைச் சொல்ல 'வ்ரிட்டொன்', எழுதப்பட்டதைச் சொல்ல 'யெவ்ரிட்டென்' என உயிரொலி மாறி மாறி வந்தது. காலப்போக்கில் முன்னொட்டாகிய 'யெ' தேய்ந்து 'இ' ஆகிப் பின் மறைந்தது. ஈற்றிலிருந்த னகரமும் பல சொற்களில் உதிர்ந்தது. ஒருமை, பன்மை வேறுபாடும் அழிந்தது. இவ்வாறு அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றபின், இறந்தகால வினைமுற்றையே எச்சத்தின் இடத்திலும் வைத்து எழுதுவது இயல்பாயிற்று. 1645-இல் அச்சான மில்டனின் கவிதையொன்றில், இன்றைய இலக்கணம் 'ஃபர்சேக்கன்' எனக் கேட்கும் இடத்தில் 'ஃபர்சுக்' என்றே இருக்கிறது.

இதைப் பிழையென்று தீர்ப்பளித்தவர் ராபர்ட் லவுத். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவரும் பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவருமான இவர், 1762-இல் வெளியிட்ட சிறிய ஆங்கில இலக்கண நூலின் அடிக்குறிப்புகளில் மில்டன், டிரைடன், போப் முதலிய பெரும் புலவர்களின் வரிகளையே வழுவுக்குச் சான்றாக எடுத்துக்காட்டினார். உயிரோட்டமுள்ள மொழியின் நெடுங்கால மாற்றத்தைக் கவனக்குறைவு எனக் கொண்டது புலவர்களுக்கு இழைத்த அநீதியே. எனினும் வினைமுற்றும் எச்சமும் வெவ்வேறு வடிவில் நிற்பது பொருள்தெளிவுக்கு உதவும் என்ற அவருடைய கருத்தில் வலு உண்டு. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய வழக்கறிஞர் லிண்ட்லி மரே, யார்க் நகரின் குவேக்கர் பெண்கள் பள்ளிக்காக 1795-இல் எழுதிய இலக்கணத்தில் லவுத்தின் விதிகளைப் பெரிதும் எடுத்தாண்டார். எண்ணற்ற பதிப்புகள் கண்ட அந்நூல் அவ்விதிகளை வகுப்பறைப் பாடமாக்கியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'ரைட், ரோட், ரிட்டன்' என மாணவர் மனப்பாடம் செய்யும் மூன்று வடிவங்களில், எச்சத்துக்கெனத் தனியே ஒன்று நிலைபெற்றதற்கு இத்தகைய இலக்கண நூல்களின் பங்கும் உண்டு.

விதிகளுக்குள் அடங்காமல் எஞ்சியவையும் உண்டு. குடித்த என்பதற்கு 'டிரங்கன்', உருகிய என்பதற்கு 'மோல்ட்டன்' என்னும் பழைய எச்சங்கள் பெயரடையாக மட்டும் நிலைத்துவிட்டன. 'கெட்' வினையின் எச்சமாகிய 'காட்டன்' என்னும் வடிவம் பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் ஒழிந்து அமெரிக்காவில் செழித்தது. ஸ்காட்லாந்து நீதிமன்றங்களின் தீர்ப்புமொழியில் நெடுங்காலம் வழங்கிய 'புரோவன்', அங்கிருந்து பொதுவழக்குக்குப் பரவி, 'புரூவ்ட்' என்னும் வடிவத்துக்குப் போட்டியாக நிற்கிறது.