கடன் தொகையா, நம்பிக்கையா? கிரீஸ் சொல்லும் பாடம்



"இந்த நாட்டுக்கு இத்தனை லட்சம் கோடி கடன், சீக்கிரம் மூழ்கிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி செய்தி வருகிறது. கடன் தொகையை மட்டும் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது. அதற்கு கிரீஸ் நாட்டின் அண்மைக்கால வரலாறு நல்ல சான்று. பதிவு கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அரசு 1,000 ரூபாய்க்கு ஒரு கடன் பத்திரம் விற்கிறது. வட்டி ஆண்டுக்கு 50 ரூபாய். வாங்கியவர் அதைச் சந்தையில் விற்கலாம். அரசு பணத்தைத் திருப்பித் தருமா என்ற சந்தேகம் வந்தால் அதை 500 ரூபாய்க்குத்தான் கேட்பார்கள். அப்போது 500 ரூபாய் போட்டவருக்கு அதே 50 ரூபாய் வட்டி, அதாவது 10 சதவீதம். இதைத்தான் 'பாண்டு யீல்டு' என்கிறார்கள். பத்திர விலை இறங்கினால் யீல்டு ஏறும். பழைய பத்திரத்துக்கு அரசு தரும் வட்டி மாறாது. ஆனால் அது முதிர்ந்ததும் பெரும்பாலும் புதுக்கடன் வாங்கித்தான் அடைப்பார்கள். புதுக்கடனுக்கு 10 சதவீதம் கேட்பார்கள். ஆபத்து அங்கேதான்.

கிரீஸ் 2001-இல் யூரோ நாணயத்துக்கு மாறியது. அதன்பின் ஜெர்மனிக்குக் கொடுப்பது போலவே கிரீஸுக்கும் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். 2005-இல் இரு நாடுகளின் 10 ஆண்டுப் பத்திர யீல்டும் 3 முதல் 4 சதவீதத்துக்குள்தான். 2009 அக்டோபரில் ஆட்சிக்கு வந்த பாப்பாண்ட்ரூ அரசு, பற்றாக்குறை முன்பு சொன்னதைப் போல் இருமடங்கு, 12 சதவீதத்துக்கும் மேல் என்று அறிவித்தது. அன்றோடு நம்பிக்கை போயிற்று. 2010 ஏப்ரலில் யீல்டு 8 சதவீதத்தைத் தாண்டியது. சொந்த நாணயம் இல்லாததால் நோட்டு அச்சடித்துச் சமாளிக்கவும் வழியில்லை. மே மாதம் ஐரோப்பிய நாடுகளும் ஐ.எம்.எஃப்-பும் 11,000 கோடி யூரோ கடன் தர முன்வந்தன. பதிலுக்குச் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. பொருளாதாரம் சுருங்கி வரி வருமானமும் குறைந்ததால் சந்தேகம் இன்னும் வளர்ந்தது. 2012 தொடக்கத்தில் யீல்டு 30 சதவீதத்துக்கும் மேல்!

2012 மார்ச்சில் தனியார் கையில் இருந்த பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதம் வெட்டப்பட்டது. நட்டம் வெளிநாட்டுப் பணக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கிரீஸின் சொந்த வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும் அந்தப் பத்திரங்களைத்தான் வைத்திருந்தன. 2013-இல் வேலையின்மை 27 சதவீதத்தை எட்டியது.

இனிதான் முக்கியமான செய்தி. 2009-இல் கிரீஸின் கடன், ஆண்டு உற்பத்தியில் சுமார் 127 சதவீதம். 2019-இல் சுமார் 180 சதவீதம். கடன் விகிதம் கூடியிருக்கிறது. ஆனால் 2019 இறுதியில் யீல்டு 2 சதவீதத்துக்கும் கீழே! ஏன்? பெரும்பகுதிக் கடன் ஐரோப்பிய அரசு நிதியங்களிடம் பல பத்தாண்டுத் தவணையில், குறைந்த வட்டியில் மாறியிருந்தது. வட்டிச் செலவு நீங்கலாகப் பார்த்தால், அரசு வரவுக்குள் செலவு செய்யவும் பழகியிருந்தது. உடனடியாகப் பெரும்தொகை புரட்ட வேண்டிய நெருக்கடி இல்லை.

ஆகவே பிள்ளைகளே, ஒரு நாட்டின் கடனைப் பற்றிப் படித்தால் நான்கு கேள்வி கேளுங்கள். யாரிடம் வாங்கியது? எந்த நாணயத்தில்? எப்போது திருப்ப வேண்டும்? அரசு சொல்லும் கணக்கு உண்மையா? கடைசிக் கேள்விதான் கிரீஸைக் கவிழ்த்தது. ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு, அரசின் கணக்குப் புத்தகம் நேராக இருப்பது அடுப்பங்கரை விஷயம்தான்.

வங்கிப் பணியில் இருக்கும் என் மாணவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எல்லோரும் படித்துப் பயன்பெறட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்